பழுப்பு, கறுப்பு, மஞ்சள்

மீன் காட்டும் கருவிகளும் படகு வயர்லெஸ்களும்தான்
என் மேசைக்கு வரும்.
உப்பு தின்ற பலகைகள், முதுநகர்த் துறைமுகத்தில் இருந்து
ஈரம் சொட்டக் கோணிப்பையில்.
கலியவரதன் கொண்டுவந்ததும் கோணிப்பையில்தான்.
உள்ளே இருந்தது சிந்தசைசர்.

ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி காந்தி வீதி நடைபாதை,
பழைய மிக்ஸிகளுக்கு நடுவே நாலாயிரத்து ஐந்நூறு.
எழுபத்தெட்டில் ஜப்பானில் செய்தது.
ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாடும்.
"வாசிப்பீங்களா?"
"இல்லம்மா. பாட்டே அவ்வளவா கேக்க மாட்டேன்.
இதுல ஃபில்டர்னு ஒண்ணு இருக்காமே.
சில மாடல்ல அது தானா விசிலடிக்குமாம், இதுல அடிக்காதாம்.
வித்தவன் சொன்னான்.
அடிக்க வெக்கணும்."

திறந்தேன்.
ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. கரப்பான் முட்டைக்கூடு.
மூடியின் உள்பக்கம் பென்சிலில் யாரோ:
14.9.91 திண்டிவனம் கல்யாணம், பாக்கி 300.

ஃபில்டருக்கு நாலு படி.
ஏறும் சத்தத்தின் கூர்மையை
ஒவ்வொரு படியும் கொஞ்சம் சீவிவிடும்.
நாலாவது படியில் இருந்து ஒரு தடம்
திரும்ப முதல் படிக்கே வருகிறது,
வெளியேறியதில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விட.
அந்த வழியில் காவலுக்கு ஒரு ரெசிஸ்டர்.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள். ஒரு லட்சம் ஓம்.
கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள்:
அழுகையின் விளிம்பு வரை கூட்டிப்போய்
அழ விடாமல் திருப்பிக் கூட்டிவர.

கெப்பாசிட்டர்கள் நாலையும் மாற்றினேன்.
கரண்ட் போனது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
காவல்காரனை உருவினேன், ஒரு கால் ஒடிந்து வந்தது.
அந்த இடத்தில் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. பாதிக்கும் கீழே.
கரண்ட் வந்ததும் குமிழைக் கடைசி வரை திருப்பினேன்.
ஒரு கட்டையும் தொடவில்லை.
கத்தியது.
எதிர்க்கடை நாய் எழுந்து நின்று பார்த்தது.

மூன்றாம் நாள் மனைவியோடு வந்தார்.
அஞ்சலாட்சி கையில் ரேஷன் பை, மண்ணெண்ணெய் வாசனை.
அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்து
குமிழை இரண்டு விரலால் பிடித்தார்.
விசில் ஏறியது.
குக்கரைத் தாண்டி, குழந்தையைத் தாண்டி,
கொசு போகும் இடத்தையும் தாண்டி
நின்றது. ஒரு முடி அளவு பின்னால் வந்தது.
கண்ணை மூடிக்கொண்டார்.
"காணாமப் போச்சு."

எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.
"கேக்கலையா?"
"கேக்குது. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.
எது வெளில, எது உள்ளன்னு தெரியல."

சிப்காட். கம்ப்ரசர் கூடம். இருபத்தாறு வருஷம்.
முதல் வருஷம் மட்டும் காதுக்குப் பஞ்சு கொடுத்தார்களாம்.
வேலையில் இருந்து நின்றார்.
சத்தம் நிற்கவில்லை.
"எப்பிடி இருக்கும்னு இவ கேப்பா.
வண்டுன்னு சொன்னேன். அந்தக் காலத்து டிவில
ராத்திரி எல்லாம் முடிஞ்சப்புறம் வருமே, அதுன்னு சொன்னேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டக் காட்டினேன்.
எதுவும் அது இல்ல."

மீட்டரை வைத்தேன். ஆறாயிரத்து நூற்றுப் பத்து.
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்
பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அஞ்சலாட்சி ஸ்பீக்கரில் காது வைத்தாள்.
சுட்டதுபோல் எடுத்தாள்.
"ராத்திரியிலயுமா?"
அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டு
முகத்துக்கு நேராக நின்று மறுபடி கேட்டாள்.
"இவ்ளோ சத்தமாவா?"

அவர் யோசித்தார்.
குமிழ்களில் எது சத்தத்துக்கு என்று
என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு
இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

வாசலில் ஒரு படகுக்காரர்
வயர்லெஸ்ஸோடு வந்து, காதைப் பொத்தி, ஒதுங்கினார்.
"அணைச்சிடட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் அவள்,
பையைக் கீழே வைத்து
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு.